உஸ்மான் யார், ஹபீபுல்லா யார்? – ஏரி ஊரான கதை



சென்ற மாதம் கல்வி உதவித்தொகை மனுக்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, முகவரியில் 'உஸ்மான் ரோடு' என்று எழுதியிருந்த ஒரு பிளஸ் டூ பையனிடம், "அந்த உஸ்மான் யார் தம்பி?" என்று விளையாட்டாகக் கேட்டோம். சற்று யோசித்தவன், "உஸ்மான் ரலியல்லாஹு அன்ஹு அவங்க பேரா இருக்கும் சார்" என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவனுடைய அத்தா, "இல்லப்பா, அந்தக் காலத்துல இங்க பெரிய கடை வச்சிருந்த பாய் யாராவது இருப்பார்" என்றார். அங்கிருந்த நான்கைந்து பேரில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. ஹபீபுல்லா ரோட்டைக் கேட்டாலும், பஸ்லுல்லா ரோட்டைக் கேட்டாலும் அதே கதைதான். தினமும் நடக்கிற தெருக்கள், ஆதார் அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் அச்சாகியிருக்கும் பெயர்கள். அன்றைக்கே முடிவு செய்தோம், அடுத்த இதழில் தியாகராய நகரைப் பற்றி எழுதிவிடுவது என்று.

ஆட்களைச் சொல்வதற்கு முன் மண்ணைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் சுமார் நூறு வருடங்களுக்கு முன் இங்கே இந்தத் தெருக்களே கிடையாது. தண்ணீர்தான் இருந்தது.

இன்று வள்ளுவர் கோட்டம் நிற்கிற நுங்கம்பாக்கம் பகுதியில் தொடங்கி, மாம்பலம் வழியாக, தெற்கே சைதாப்பேட்டை பக்கம் வரை பிறை போல வளைந்து கிடந்தது ஒரு நீளமான ஏரி. ஆங்கிலேயர் அதை 'லாங் டேங்க்' என்றார்கள். வடக்குப் பகுதிக்கு நுங்கம்பாக்கம் ஏரி என்றும் தெற்குப் பகுதிக்கு மயிலாப்பூர் ஏரி என்றும் பெயர். (மயிலாப்பூர் ஏரி என்றதும் கபாலீஸ்வரர் கோயில் குளத்தை நினைத்துவிட வேண்டாம், அது வேறு.) மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, ஏறக்குறைய அந்தச் சாலையை ஒட்டியே இந்த ஏரி நீண்டிருந்தது. வெள்ளைக்காரத் துரைமார்கள் படகுப் போட்டி நடத்தும் அளவுக்கு அதில் தண்ணீர் நின்றது. ஏரி போய்விட்டது, பெயர்கள் போகவில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, அங்கே நின்று எந்த ஏரியைப் பார்ப்பது என்று யாரும் கேட்பதில்லை. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்றே ஒரு குடியிருப்பு இருக்கிறது. டேங்க் பண்ட் ரோடு என்பதும் பழைய ஏரிக்கரைதான்.

முதல் உலகப் போருக்குப் பிறகு சென்னையில் வீட்டுக்குப் பெரும் தட்டுப்பாடு வந்தது. 1920-ல் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் வந்தது. அந்த ஆண்டின் இறுதியில் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. பனகல் ராஜா முதல் மந்திரியாக இருந்த காலத்தில், 1923 முதல், ஏரியின் மாம்பலம் பகுதியை வடித்து, தூர்த்து, மனை போட்டுப் புது நகரம் உண்டாக்கினார்கள். நடுவே ஒரு பூங்கா, அதிலிருந்து நாலா பக்கமும் பிரிகிற அகலமான சாலைகள் என்று காகிதத்தில் வரைந்து கட்டிய ஊர் இது. பழைய மாம்பலம் கிராமம் ரயில் பாதைக்கு மேற்கே தன் போக்கில் இருந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் கொசுவுக்கும் யானைக்கால் நோய்க்கும் பெயர் வாங்கியதையெல்லாம் நம் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள்.

புது ஊருக்கு நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயர் வைக்கப்பட்டது. அவர் 1925-ல் காலமானார். பூங்காவுக்குப் பனகல் ராஜா பெயர். இன்னொரு பூங்காவுக்கு டாக்டர் நடேச முதலியார் பெயர். பாண்டி பஜார் என்பது பாண்டிச்சேரியைக் குறிப்பதல்ல, சௌந்தரபாண்டிய நாடாரைக் குறிப்பது. டி.எம். நாயரின் பெயரில் டாக்டர் நாயர் ரோடு. 1970-களின் பிற்பகுதியில் தெருப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கியபோது பலகையில் 'டாக்டர் ரோடு' மட்டும் மிஞ்சியது என்று சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. நம்மவர் பெயர்களுக்கு அந்தச் சங்கடம் வரவில்லை, முழுதாகவே தப்பின.

இனி அந்தப் பையனுக்குச் சொல்ல வேண்டிய பதில்.

சர் முகமது உஸ்மான் 1884-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். தொழிலால் யூனானி ஹகீம். 1913 முதல் சென்னை மாநகராட்சி உறுப்பினராக இருந்து, 1924-25-ல் மாநகராட்சித் தலைவரானார். ஆண்டைக் கவனியுங்கள்: ஏரி ஊராகிக்கொண்டிருந்த அதே நேரம். ஆகவே அவர் பெயர் இந்தச் சாலைக்கு வந்தது தற்செயல் அல்ல. 1934 மே முதல் ஆகஸ்ட் வரை, கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லி தற்காலிக வைஸ்ராயாகச் சென்றிருந்தபோது, உஸ்மான் சாஹிப் சென்னை மாகாணத்தின் பொறுப்பு கவர்னராக இருந்தார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்தான். பிறகு 1940 முதல் 1942 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்.

இவற்றையெல்லாம்விட நமக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. நாட்டு வைத்திய முறைகளை ஆராய 1921-ல் சென்னை அரசு ஒரு குழு அமைத்தது. அதற்குத் தலைவர் இவர். 'உஸ்மான் கமிட்டி' என்றே அது பெயர் பெற்றது. சித்தா, ஆயுர்வேதம், யூனானி மூன்றுக்கும் அரசின் ஆதரவு வேண்டும் என்று 1923-ல் அறிக்கை வந்தது. அதைத் தொடர்ந்துதான் அரசு இந்திய மருத்துவப் பள்ளியை நிறுவி மூன்றையும் முறையாகக் கற்பிக்கத் தொடங்கியது. அரும்பாக்கத்து அரசு யூனானி கல்லூரியில் நம் பிள்ளைகள் இன்று இடம் கேட்கிறார்கள் என்றால், அந்தப் பாதையின் தொடக்கத்தில் ஒரு ஹகீம் நிற்கிறார்.

சர் முகமது ஹபீபுல்லா அவருக்கு மூத்தவர். 1869-ல் சைதாப்பேட்டையில் பிறந்தவர், அதாவது இதே ஏரியின் தெற்கோரத்து ஊர்க்காரர். வக்கீலாகத் தொழில் தொடங்கி, வேலூர் நகராட்சித் தலைவராகி, 1920-களின் முற்பகுதியில் சென்னை கவர்னரின் நிர்வாக சபையிலும், 1925 முதல் 1930 வரை வைஸ்ராயின் நிர்வாக சபையிலும் இருந்தார். தென்னாப்பிரிக்காவில் நம் நாட்டவர் மீது இனச் சட்டங்கள் பாய்ந்தபோது, 1926-ல் இந்தியா அனுப்பிய பேச்சுவார்த்தைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இவர். அதன் விளைவு 1927-ன் கேப்டவுன் ஒப்பந்தம். 1934 முதல் 1936 வரை திருவிதாங்கூர் திவானாகவும் இருந்தார்.

இருவரும் ஆங்கில அரசோடு சேர்ந்து நின்றவர்கள், 'சர்' பட்டம் வாங்கியவர்கள். விடுதலைப் போரில் சிறை சென்ற நம்மவர்களின் வரிசையில் இவர்களை வைக்க முடியாது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த ஊரை வரைந்த கூட்டத்தில் தமிழ் பேசியவர், தெலுங்கு பேசியவர், மலையாளி, முஸ்லிம் எல்லோரும் இருந்தார்கள் என்பதற்கு இந்தப் பலகைகள் சாட்சி.

பின்னால் நடந்தது பலருக்கும் தெரியும். முதலில் அதிகாரிகளும் வக்கீல்களும் தோட்டத்தோடு வீடு கட்டினார்கள். கோடம்பாக்கத்தில் ஸ்டுடியோக்கள் வந்ததும் சினிமாக்காரர்கள் வந்தார்கள். 1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு மாம்பலம் ஸ்டேஷன் வழியாகக் கூட்டமும், கூட்டத்தின் பின்னால் கடைகளும் வந்தன. பக்கத்தில் தேனாம்பேட்டையில் நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்களின் முயற்சியால் 1955-ல் பெண்கள் கல்லூரி தொடங்கியது. 'எஸ்.ஐ.இ.டி.' என்று இன்றும் நம் வீடுகளில் சொல்கிற அந்தக் கல்லூரியில் படிக்காத பெண் ஒருத்தியாவது இல்லாத குடும்பத்தை நம் மஹல்லாவில் தேடித்தான் பார்க்க வேண்டும். தோட்ட வீடுகள் இடிந்து அடுக்குமாடியாயின. ஜவுளியும் நகையும் பாத்திரமும் வாங்க தமிழ்நாடு முழுவதும் இங்கே வருகிறது. அந்தக் கடைகளில் நிற்கிறவர்களிலும் தையல் மெஷினில் குனிந்திருப்பவர்களிலும் நம் பிள்ளைகள் நிறைய.

ஆனால் வேலை செய்கிற இடத்தின் அருகே வீடு கிடைப்பதில்தான் சிக்கல். உஸ்மானின் பெயருள்ள சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு பார்க்கப் போனால், புரோக்கர் முதலில் கேட்பது பெயரைத்தான். பெயர் உஸ்மான் என்றோ ஹபீப் என்றோ இருந்தால், நேற்று வரை காலியாக இருந்த வீட்டுக்கு இன்று ஆள் வந்துவிட்டதாகிறது. எல்லோரும் அப்படி இல்லை, பெயரைக் கேட்டும் முகம் மாறாமல் சாவி கொடுத்த வீட்டுக்காரர்களையும் நமக்குத் தெரியும். இருந்தாலும் நான்கு இடத்தில் 'இல்லை' கேட்ட குடும்பம், ஐந்தாவது இடத்தில் கிடைத்ததை விசாரிக்காமல் பிடித்துக்கொள்கிறது. விசாரிக்காமல் கிடைப்பது பெரும்பாலும் கீழ்த்தளம். கால்வாயை ஒட்டியது, தெரு மட்டத்துக்குக் கீழே இறங்கிப் போவது.

இங்கேதான் ஏரி மறுபடி வருகிறது. வள்ளுவர் கோட்டம் பக்கமிருந்து தி.நகர் வழியாக நந்தனம் போய் அடையாற்றில் சேர்கிறது மாம்பலம் கால்வாய். பழைய ஏரிப் படுகையில் விழுகிற மழைக்கு இதுதான் முக்கியமான வாசல். 2015 டிசம்பர் 1 இரவு அடையாறே கரை மீறி ஓடியது. ஆறு நிரம்பி நின்றால் கால்வாய்த் தண்ணீர் எங்கே போய் விழும்? வந்த வழியே திரும்பித் தெருவுக்கு ஏறும். 2021 நவம்பரில் நடந்தது வேறு. கால்வாயில் நடந்துகொண்டிருந்த வேலைகளும் அடைப்பும் வழியை மறிக்க, ஜி.என். செட்டி ரோடு உட்படப் பல தெருக்கள் நாள் கணக்கில் நீரில் நின்றன. அதன் பிறகு மழைநீர் வடிகால்கள் புதிதாகக் கட்டப்பட்டுள்ளன. பலன் இல்லாமல் இல்லை. ஆனாலும் கிண்ணத்தின் அடியில் கட்டிய ஊர் கிண்ணத்தின் அடியில்தான் இருக்கும். முன்பு மண் குடித்த தண்ணீரில் பாதியை இன்று சிமெண்ட் குடிக்கவிடுவதில்லை.

2015-ல் பள்ளிவாசல்கள் எல்லா மதத்தவருக்கும் திறந்திருந்தன. நமக்கும் மாற்று மதத்து அண்டை வீட்டார் மாடியில் இடம் கொடுத்தார்கள். அரிசியும் பாயும் பத்து நாளில் தீர்த்துவிடக்கூடிய தேவைகளாக இருந்தன. தீராதது காகிதம். நம் அலுவலகத்தில் அதன் பிறகு ஆறு மாதம் நடந்தது நிவாரணம் அல்ல, நகல் வாங்கும் வேலை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று கூழாகிப் போனதால் ஒரு பிள்ளைக்குக் கல்லூரிச் சேர்க்கை தள்ளிப்போனது. கணவரின் மரணச் சான்றிதழ் நனைந்துபோன ஒரு சகோதரி, விதவை உதவித்தொகைக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். நிக்காஹ் புத்தகத்தின் நகல் ஒட்டிப்போய்ப் பக்கம் பிரியவில்லை. (திருமணத்தை அரசிலும் பதிவது தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். ஜமாஅத் புத்தகமே போதும் என்று இன்னும் பலர் இருக்கிறார்கள்.)

எனவே வீடு பார்க்கப் போகிறவர்கள் வாடகையையும் அட்வான்ஸையும் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். எதிர் மளிகைக் கடைக்காரரிடம், 2015-லும் 2021-லும் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். அவருக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. வாசற்படி தெருவைவிட உயரமா, தாழ்வா என்று பாருங்கள். மின்சார மீட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். சொந்த வீட்டுக்காரர்கள், 2003-ல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்க் குழியைத் தோண்டியதோடு மறந்திருப்பீர்கள். தூர்ந்துபோன குழி இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். ஐப்பசிக்கு முன் ஒரு ஆளை விட்டு மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவிப் போடச் சொல்லுங்கள்.

காகிதங்களுக்கு நம் அலுவலகத்தில் ஏற்பாடு செய்திருக்கிறோம். புரட்டாசி முடியும் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் லுஹருக்குப் பிறகு அலுவலகம் திறந்திருக்கும். குடும்ப அட்டை, ஆதார், பிறப்பு–இறப்புச் சான்றுகள், மதிப்பெண் சான்றுகள், நிக்காஹ் பதிவு, வாடகை ஒப்பந்தம், பத்திரம் எது இருந்தாலும் அசலைக் கொண்டு வாருங்கள். உங்கள் கண் முன்னே ஸ்கேன் செய்து உங்கள் போனிலேயே ஏற்றித் தருவார்கள். டிஜிலாக்கர் கணக்கு இல்லாதவர்களுக்கு அதையும் நம் கல்லூரி மாணவர்கள் தொடங்கித் தருவார்கள். கட்டணம் இல்லை. ஆதாரோடு இணைத்த போன் எண்ணைக் கையோடு கொண்டு வர மறக்காதீர்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். வர முடியாத முதியவர்கள் வீட்டுக்கு நாங்களே வருகிறோம், பள்ளிவாசலில் பெயர் கொடுத்தால் போதும்.

அந்த பிளஸ் டூ பையனும் உதவிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.