சாவியும் யாவேயும்

கிருஷ்ணகிரி மாவட்டத்து உத்தனப்பள்ளியில் பேருந்துக்காக நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒருசேரக் காதில் விழும். வீட்டு மொழி ஒன்று, பள்ளி மொழி வேறொன்று என்பதைச் சிலர் குறையாகக் கருதுகிறார்கள். அது குறையல்ல, நல்லதொரு பயிற்சி என்பேன். இம்மாணவர்களில் ஒருவர் ஸ்பானிய மொழி கற்கத் தொடங்குவதாகக் கொள்வோம்.

முதற்பாடம் வீட்டுப் பொருள்கள். மேசைக்கு ஸ்பானியச் சொல் 'மேசா', அலமாரிக்கு 'அர்மாரியோ'. அப்படியானால் அது நமக்கு உறவு மொழியா? அவசரப்படாதீர்கள். இவை 1498-இல் வாஸ்கோ ட காமா வந்தபின் போர்த்துக்கீசியரிடம் நாம் பெற்ற கடன். போர்த்துக்கீசியமும் ஸ்பானியமும் லத்தீன் ஈன்ற சகோதரிகள். ஆதாரம் வேண்டுமா? ஜன்னல், போர்த்துக்கீசியத்தில் 'ஜனேலா', ஸ்பானியத்திலோ 'வெந்தானா'. (வெந்தானாவின் வேர் காற்று. நம் பழஞ்சொல் 'காலதர்' என்பதற்கும் காற்று வரும் வழி என்றே பொருள்!)

இனி சாவியைப் பாருங்கள். போர்த்துக்கீசியத்தில் 'சாவே', ஸ்பானியத்தில் 'யாவே'. மழை: 'சூவா', 'யூவியா'. தீச்சுடர்: 'சாமா', 'யாமா'. லத்தீனில் சொல்லின் முதலில் நின்ற 'க்ல', 'ப்ல', 'ஃப்ல' ஒலிகள் ஒன்றில் 'ச' ஆயின. மற்றதில் 'ய' ஆயின. இயற்பியல் ஆசிரியனுக்கு, விதியைக் கண்டால் சோதிக்காமல் இருக்க முடியாது. அழுவதற்கு ஸ்பானியத்தில் 'யோரார்'. போர்த்துக்கீசியத்தில்? நீங்கள் ஊகித்தது சரி, 'சோரார்'! விதிவிலக்கும் உண்டு: பூ இரண்டிலும் 'ஃப்லோர்'தான்.

உத்தனப்பள்ளி மாணவருக்கு இது புதிதல்ல. தமிழில் பால், தெலுங்கில் பாலு, கன்னடத்தில் ஹாலு. பல், ஹல்லு, பத்து, ஹத்து. ஊர்ப்பெயரிலுள்ள 'பள்ளி'யே கர்நாடகத்தில் 'ஹள்ளி'. பழங்கன்னடத்தில் இவையும் 'ப'விலேயே தொடங்கின. இது உறவு. கடன்சொல் பெரும்பாலும் புதுப் பொருளோடு வரும். உறவோ எண், உடலுறுப்பு போன்ற அடிப்படைச் சொற்களில் தெரியும்.

குடும்பப் பாடத்தில்தான் சிக்கல். 'எர்மானோ' என்றால் அண்ணனா, தம்பியா? அச்சொல் சொல்லாது. கன்னடத்தில் அண்ண, தம்ம. தெலுங்கில் அன்ன, தம்முடு என்று தெளிவாக இருக்கிறது. சித்தப்பாவும் தாய்மாமனும் ஸ்பானியத்தில் 'தியோ'. அத்தை மகளும் பெரியப்பா மகளும் 'ப்ரிமா'. முறைப்பெண்ணையும் தங்கையையும் ஒரே சொல்லால் அழைத்தால் நம் வீடுகளில் என்ன ஆகும்!

ஆகவே அண்ணனைக் குறிக்க 'மூத்த' என்று சேர்த்தாக வேண்டும்: 'மி எர்மானோ மயோர் எஸ்தா என் காசா.' என் அண்ணன் வீட்டில் இருக்கிறார். இதில் 'மி' என்பதே 'என்னுடைய'. நடுவில் வரும் 'என்' நம் 'என்' அல்ல. அது 'வீட்டில்' என்பதிலுள்ள 'இல்'. இந்த ஒற்றுமை கடனுமல்ல, உறவுமல்ல, வெறும் தற்செயல்.