பழைய யூனிக்ஸ் கணிப்பொறி வாங்கலாமா?

மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, வீட்டு மூலையில் போட்டு வைத்த பொருள் நம்மில் பலரிடம் உண்டு. இலத்தூரில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் அண்மையில் அத்தகைய ஆசையோடு வந்தார். சென்னை ரிச்சி தெருவில் 'சன் அல்ட்ரா 5' என்னும் பழைய யூனிக்ஸ் கணிப்பொறி விலைக்கு வந்திருக்கிறதாம். "வாங்கலாமா ஹஜ்ரத்?" என்றார். கையிலிருந்ததோ தங்கையின் கல்லூரிக் கட்டணத்திற்கென ஒதுக்கிய பணம்!

நான் கலைப் பட்டதாரி. ஆகவே விவரமறிந்தவர்களிடம் கேட்டறிந்த பின்னரே பதில் சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

யூனிக்ஸ், 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த இயக்குதளம். அதில் இயங்கும் ஆற்றல்மிகு மேசைக் கணிப்பொறிகளைச் செய்து விற்க 1982-இல் தொடங்கப்பட்டதே சன் நிறுவனம். தில்லி ஐ.ஐ.டி.யில் பயின்ற வினோத் கோஸ்லா அதன் நிறுவனர் நால்வருள் ஒருவர். 2010-இல் ஆரக்கிள் அதனை வாங்கிவிட்டது. அல்ட்ரா 5 வெளிவந்தது 1998-இல். அதன் நினைவகத்தின் உச்ச அளவு 512 மெகாபைட். 4 ஜிகாபைட் கொண்ட கைப்பேசியில் அதைப்போல் எட்டு மடங்கு உண்டு.

எனவே முதற் கேள்வி, எதற்காக என்பதே. யூனிக்ஸ் கற்பதற்கென்றால் அது தேவையில்லை. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இலவசம். வீட்டிலுள்ள சாதாரணக் கணிப்பொறியிலேயே ஓடும். கட்டளைகளும் பெரும்பாலும் அவையே. இணையம் பார்க்கவென்றால், இன்றைய பக்கங்களின் சுமையை அது தாங்காது. ஆயினும் நியாயமான பயன் ஒன்றுண்டு. அதன் ஸ்பார்க் செயலி, எண்ணின் பெரிய பகுதியை முதலில் வைத்துச் சேமிக்கும். நம் வீட்டுக் கணிப்பொறிகள் சிறிய பகுதியை முதலில் வைக்கும். நிரல் எழுதுவோர் இரண்டிலும் ஓட்டிப் பார்த்தால் மறைந்திருக்கும் பிழைகள் சில வெளிப்படும்.

இரண்டாவது, பராமரிப்பு. இயந்திரத்தின் அடையாள எண்ணைக் காக்கும் சில்லுக்குள்ளேயே மின்கலம் புதைந்திருக்கிறது. அது தீர்ந்தால் வலைப்பின்னல் முகவரியும் மறைந்துவிடும். விசைப்பலகையின் இணைப்பும் சன் நிறுவனத்திற்கே உரியது. சோலாரிஸ் 10-க்குப் பிந்தைய பதிப்பு அதில் ஓடாது. நெட்பிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி ஆகிய இலவச இயக்குதளங்கள் ஓடும். திரையோடு சேர்த்து 200 வாட் என்று கொண்டால், ஐந்து மணி நேரத்திற்கு ஒரு யூனிட் மின்சாரம். குற்றாலச் சாரல் காலத்து ஈரமும் பழைய இயந்திரத்திற்கு ஆகாது.

மூன்றாவது, அமானிதம். பழைய வன்தட்டில் முந்தைய உரிமையாளரின் ஆவணங்கள் இருக்கக்கூடும். பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கலாகாது அல்லவா? அவற்றைப் பாராமல் அழித்துவிடுவதே முறை.

"தம்பி, முதலில் லினக்ஸில் ஆறு மாதம் பழகு. பிறகும் அந்த இயந்திரம் தேவையென்று தோன்றினால், உன் உழைப்பின் பணத்தில், அது இயங்குவதைக் கண்ணால் கண்டு வாங்கு" என்றேன். அவர் முகம் சற்று வாடியது உண்மை. ஆனால் கட்டணம் உரிய நாளில் கட்டப்பட்டது. இப்போது மஃரிபுக்குப் பின், பழைய வீட்டுக் கணிப்பொறியின் முன் அண்ணனும் தங்கையும் சேர்ந்தமர்ந்து கற்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்!