வண்டியின் வால் ஆடுவதேன்?

நெடும்பயணத்தில் மோட்டார் சைக்கிளின் பின்பகுதி வேகத்தில் இடமும் வலமும் அசைந்தால், ஓட்டுபவர் உடனே ஷாக் அப்சார்பரைக் குறை கூறுவார். மனைவியைப் பின்னமர்த்தி ஊரூராகச் செல்லும் என் மருமகனும் தன் புல்லட்டுக்குப் புதிய ஜோடியொன்றை வாங்கிப் பூட்டினான். பணம் போயிற்று, ஆட்டம் போகவில்லை.

செலவற்ற சோதனைகளை முதலிற் செய்ய வேண்டும், நேயர்களே. வண்டி ஓடிச் சூடேறுமுன் டயரின் காற்றை அளந்து பாருங்கள். அடுத்தது சுமை. பின் அச்சுக்கு அப்பால் தள்ளிக் கட்டிய பெட்டி, நெம்புகோல்போல் முன்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்துவிடும். கனமானவற்றை முன்தள்ளித் தாழ்வாகக் கட்டுங்கள்.

பிறகு வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தை மேலும் கீழும் பற்றிப் பக்கவாட்டில் அசையுங்கள். சக்கரம் மட்டும் ஆடினால், பேரிங்கை ஐயுறலாம். சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மும் உடன் ஆடினால், அது சட்டத்தோடு இணையுமிடத்து புஷ் தேய்ந்திருக்கும். மருமகன் வண்டியில் கண்டது இதுவே. இணைப்பில் மயிரிழையாக உள்ள இடைவெளி, சக்கரத்தின் விளிம்பிற்குள் பன்மடங்காகிவிடுகிறது. புஷ்ஷை மாற்றியதும் வண்டி நேரே ஓடிற்று.

செயினை இறுக்குகையில் இருபுறமும் சமமாக இறுக்குக; இன்றேல் சக்கரம் கோணும். ஸ்போக்குகளை ஸ்பேனரால் மெல்லத் தட்டினால், தளர்ந்தது மழுங்கி ஒலிக்கும்.

வழியிலேயே ஆட்டம் எழுந்தால், பிரேக்கைச் சட்டெனப் பிடிக்க வேண்டா. ஹேண்டில்பாரை இறுகப் பற்றவும் வேண்டா. ஆக்சிலேட்டரை மெல்லத் தளர்த்துங்கள். வேகம் குறையக் குறைய ஆட்டமும் அடங்கும்.