பழைய நாளிதழ்களை எண்ணிமமாக்கல்

பழைய நாளிதழ்களை எண்ணிமமாக்கல் என்பது, அச்சில் வந்த இதழ்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, இதழின் பெயர், ஊர், தேதி ஆகிய விவரங்களுடன் கணினியில் சேமித்து, எவரும் தேடிப் படிக்குமாறு வைப்பதாகும்.

தேவை

நாளிதழ்த் தாள் மரக்கூழால் ஆனது. அதிலுள்ள லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகும்; நாளடைவில் தாள் மடித்த இடத்தில் முறியும். தீ இன்னும் விரைவாக அழிக்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அதே நாட்களில் ஈழநாடு நாளிதழின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. ஒரே படி ஓரிடத்தில் மட்டும் இருந்தால், அது போனபின் மீட்க வழியில்லை. 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகம், எஞ்சிய ஈழத்து இதழ்களைச் சேர்த்து இணையத்தில் இலவசமாகத் தருகிறது.

பயன்

ஊர்க்கூட்டம், விலைவாசி, தேர்வு முடிவு போன்றவை உள்ளூர் இதழில்தான் விரிவாக வரும். வம்சாவளி தேடுவோருக்கு மரண அறிவித்தல் பெரும் உதவி. பெற்றோர், உடன்பிறந்தோர், மருமக்கள், சொந்த ஊர் ஆகிய யாவும் ஒரே பத்தியில் கிடைக்கும்.

தேடும் முறை

படத்திலுள்ள எழுத்தை மென்பொருள் படித்தால்தான் சொல்லைத் தேட முடியும். தமிழ்நாட்டரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன் லை, ணை, றா, னா போன்ற எழுத்துகளின் அச்சு வடிவம் வேறு. மங்கிய தாளில் மென்பொருள் இவற்றைத் தவறாகப் படிக்கலாம். எனவே பெயர் அகப்படவில்லை என்றால் செய்தியே இல்லை என முடிவு செய்யக் கூடாது. நிகழ்ச்சி நடந்த நாளை அறிந்து, அடுத்த ஒரு வாரத்து இதழ்களைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்தித் துண்டை வெட்டி வைக்கும்போது இதழின் பெயரையும் தேதியையும் உடன் குறித்து வையுங்கள்.