கரியமில வாயுக் கட்டணமும் கடைக்காரரின் உரிமையும்

பிராங்பேர்ட் நகரிலே எரிவாயு வாங்கித் தம் கடையையோ காரியாலயத்தையோ வீட்டையோ சூடேற்றுகிற எவருக்கும் ஆண்டுக்கொரு முறை வருகிற கணக்குச் சீட்டில், வாங்கிய வாயுவின் அளவோடு, அது எரிந்ததனால் வெளியேறிய கரியமில வாயு எத்தனை கிலோ, அதற்காக வசூலித்த தொகை எத்தனை யூரோ என்ற இரண்டு விவரங்களும் இருந்தே தீரவேண்டும் என்பது 2023ஆம் ஆண்டு முதல் ஜெர்மானியச் சட்டம் விதித்த கட்டளை. மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டை மடித்து வைத்துவிடுகிறவர்கள், வாடகைக் கட்டடத்தில் வியாபாரம் செய்பவர்களாக இருப்பின், தமக்குத் திரும்பி வரவேண்டிய பணத்தையும் சேர்த்தே மடித்து வைத்துவிடுகிறார்கள். நம்மவர்கள் நடத்துகிற மளிகைக் கடைகளும் உணவகங்களும் தையற்கூடங்களும் பெரும்பாலும் வாடகை இடங்களிலேயே இருப்பதால், இந்த விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியமாகிறது.

எரிபொருள்களின் மீது ஜெர்மனி விதிக்கும் கரியமில வாயுக் கட்டணம் 2021 ஜனவரியில் அமலுக்கு வந்தது. 2019 டிசம்பரில் சட்டம் நிறைவேறியபோது டன்னுக்கு 10 யூரோ என்றுதான் எழுதியிருந்தார்கள். அந்த அற்பத் தொகையினால் யாருடைய பழக்கமும் மாறாது என்ற நியாயமான கண்டனம் எழவே, நடைமுறைக்கு வருமுன்பே 25 யூரோவாக்கினார்கள். 2022இல் 30 ஆயிற்று. உக்ரேன் யுத்தத்தால் எரிவாயு விலை விஷம்போல் ஏறிய காலத்தில், 2023க்குரிய உயர்வை நிறுத்தி வைத்தார்கள். 2024இல் 45, 2025இல் 55 என்று ஏறி, 2026இல் 55க்கும் 65க்கும் இடையே ஏலத்தில் நிர்ணயமாக வேண்டுமென்று ஏற்பாடாயிற்று. ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான கரியமில வாயுச் சந்தை 2027இல் தொடங்குவதாக இருந்து, அதை ஓராண்டு தள்ளிவைக்க 2025 நவம்பரில் ஐரோப்பிய நாடுகளின் மந்திரிகள் இணங்கினார்கள். தேதி எதுவானாலும், இந்தக் கட்டணம் இனி இறங்குமென்று எதிர்பார்த்துக் கடை நடத்துவது விவேகமாகாது.

விலை உயர்ந்தால் மனிதன் சிக்கனமாவான் என்ற தத்துவத்தில் பிழையில்லை. ஆனால் எந்த மனிதன் என்ற கேள்வியைத் தத்துவம் கேட்பதில்லை. வாடகைக் கடைக்காரர் தம் கதவைச் சாத்தி வைக்கலாம், சூட்டை ஒரு டிகிரி குறைக்கலாம். அதற்குமேல் அவர் கையில் அதிகாரம் கிடையாது. நிலவறையில் இருக்கும் முப்பது வருஷத்துக் கொதிகலனும், காற்றுப் புகும் ஜன்னல்களும், வெப்பத்தைத் தெருவுக்கு விடுகிற சுவர்களும் கட்டட உரிமையாளருடையவை; அவரோ எரிவாயுவுக்கு ஒரு சல்லியும் கொடுப்பதில்லையாகையால், அவற்றை மாற்ற அவருக்கு எந்த நிர்ப்பந்தமும் இல்லை. வண்டியோட்டியை விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பவரிடம் அபராதம் வாங்கினால் வண்டி வழிக்கு வந்துவிடுமா? கட்டணத்தின் முதல் இரண்டு ஆண்டுகளில் நடந்தது இதுதான். ஆகவே, கட்டணம் எத்தனை யூரோ என்பதைக் காட்டிலும், அது எவர் தலையில் விழுகிறது என்பதே இத்திட்டத்தின் சீர்திருத்தத்தில் முதன்மையான விஷயம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

2023 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த கட்டணப் பங்கீட்டுச் சட்டம் இந்த அநியாயத்தைப் பாதியளவு தீர்த்தது. குடியிருப்புக் கட்டடங்களுக்குப் பத்துப் படிகள் கொண்ட அளவுகோல் ஒன்றை அது வகுத்தது: சதுர மீட்டருக்கு ஆண்டொன்றுக்கு 12 கிலோவுக்குக் குறைவாகக் கரியமில வாயு வெளியேறும் நல்ல கட்டடமாயின் கட்டணம் முழுவதும் குடியிருப்பவருடையது; கட்டடம் மோசமாக மோசமாக உரிமையாளரின் பங்கு ஏறி, 52 கிலோவும் அதற்கு மேலும் போனால் நூற்றுக்கு 95 பங்கை அவரே ஏற்க வேண்டும். கடை, காரியாலயம், பட்டறை முதலிய குடியிருப்பல்லாத கட்டடங்களுக்கோ இந்தப் படிகள் இல்லை. கட்டடம் நல்லதோ கெட்டதோ, பாதிக்குப் பாதி. இவற்றுக்கும் 2025 இறுதிக்குள் படிமுறை கொண்டுவருவதே நோக்கம் என்று சட்டம் இயற்றியபோது சொன்னார்கள். விதியோ இன்றும் பாதிக்குப் பாதி என்றே நிற்கிறது.

இதன் விளைவை ஒரு கணக்கால் விளக்கலாம். நூறு சதுர மீட்டர் இடம், சூடேற்ற ஆண்டுக்கு 30,000 கிலோவாட் மணி எரிவாயு என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய ஐந்தரை டன் கரியமில வாயு வெளியேறும். 2025ஆம் ஆண்டு விலைப்படி கட்டணம், விற்பனை வரி நீங்கலாக, சுமார் 300 யூரோ. அது குடியிருப்புக் கட்டடமாயின் சதுர மீட்டருக்கு 54 கிலோவுக்கு மேலாகிவிடுவதால் 285 யூரோவை உரிமையாளர் ஏற்பார். வியாபாரக் கட்டடமாயின் 150 யூரோவோடு அவர் கடமை முடிந்தது. அதே சுவர், அதே கொதிகலன், அதே புகை. கட்டடத்தின் ஜாதி வேறு என்பதற்காகக் கடைக்காரர் 135 யூரோ கூடுதலாகக் கொடுக்கிறார். தொகை சிறிதென்று இதைத் தள்ளிவிடலாகாது. கட்டணம் ஏற ஏற இந்த வித்தியாசமும் ஏறும். அதற்கும் மேலாக, மிக மோசமான கட்டடத்தின் உரிமையாளர் மிக நல்ல கட்டடத்தின் உரிமையாளர் அளவுக்கே சதவீதம் கொடுப்பதால், செப்பனிடத் தூண்டுகோலே மழுங்கிப் போகிறது.

இங்கே பிராங்பேர்ட் வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்நகரின் பழைய வீதிகளில் கீழ்த்தளத்தில் கடையும் மேலே நான்கைந்து தளங்களில் வீடுகளுமாக இருக்கும் கட்டடங்கள் ஏராளம். பெரும்பகுதி குடியிருப்பாக உள்ள கட்டடம் சட்டத்தின் கண்ணில் குடியிருப்புக் கட்டடமேயாகும். ஆகவே அதன் கீழ்த்தளக் கடைக்காரரும் பத்துப் படி அளவுகோலைக் கோரலாம். உரிமையாளரோ, அவருக்காகக் கணக்குப் போடும் நிறுவனமோ, கடைதானே என்று பாதியை எழுதி அனுப்பினால், அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை.

உரிமையை அடையும் வழி இருவகை. கட்டடத்துக்கெல்லாம் பொதுவான கொதிகலன் இருந்தால், நேபன்கோஸ்டன் என்று நாம் வழங்குகிற ஆண்டுச் செலவுக் கணக்கிலேயே உரிமையாளர் தம் பங்கைக் கழித்துக் காட்ட வேண்டும். குடியிருப்புக் கட்டடத்தில் அவ்வாறு காட்டத் தவறினால், சூடேற்றும் செலவில் தம் பங்கிலிருந்து 3 சதவீதத்தைக் குறைத்துக்கொள்ளும் உரிமை வாடகைக்காரருக்கு உண்டு. கடைக்கென ஹைட்சுங் எனப்படும் தனிச் சூடேற்றும் சாதனமும், எரிவாயு நிறுவனத்தோடு நேரடி ஒப்பந்தமும் இருந்தால், எவரும் தாமாக வந்து பணம் கொடுக்கப் போவதில்லை. நிறுவனத்தின் கணக்குச் சீட்டு வந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் நாமே எழுத்தில் கேட்க வேண்டும். மின்னஞ்சல் போதும், வாய்மொழி போதாது. ஆறு மாதம் கடந்தால் அந்த ஆண்டின் உரிமை போயிற்று. கேட்ட பின் திருப்பித் தர உரிமையாளருக்குப் பன்னிரண்டு மாத அவகாசம் உண்டு. அடுத்த செலவுக் கணக்கில் கழித்தும் கொள்ளலாம். வியாபாரக் கட்டடத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கை வாடகைக்காரரே ஏற்பதாக ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும், அந்த ஷரத்து செல்லாது என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. சட்டம் பேசுவது அறைச் சூட்டையும் வெந்நீரையும் பற்றியே. ஆகையால் அடுப்பும் ஹைட்சுங்கும் ஒரே மீட்டரில் ஓடும் உணவகக்காரர்கள், மொத்தத் தொகையில் பாதி என்று கடிதம் எழுதுமுன் ஆலோசனை பெறுவது நலம். புராதனச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில், அந்தப் பாதுகாப்பு விதியே சுவரைச் செப்பனிடத் தடையாக இருக்குமாயின், உரிமையாளரின் பங்கு பாதியாகக் குறைந்துவிடும். சந்தேகம் இருப்பவர்களுக்கு நகரிலுள்ள வாடகைக்காரர் பாதுகாப்புச் சங்கமும், ஹெசன் மாநில நுகர்வோர் மையமும், வியாபாரிகளுக்கு வர்த்தக சபையும் இருக்கின்றன.

பெரிய தொழிற்சாலைகளின் விஷயத்தில் ஜெர்மனி கடைப்பிடித்த முறை இதைவிடத் தெளிவானது. கட்டணத்தால் வெளிநாட்டுப் போட்டிக்குத் தோற்றுவிடும் என்று கருதும் துறைகளுக்கு அரசு ஈடு தருகிறது. ஆனால் சும்மா தருவதில்லை. 2023 முதல், சக்தி நிர்வாக முறை ஒன்றைத் தம் ஆலையில் நடத்துகிறவர்களுக்கே ஈடு உண்டு. பெற்ற ஈட்டில் முதலில் பாதியையும், 2025 முதல் நூற்றுக்கு எண்பதையும் சிக்கனச் சாதனங்களில் முதலிட வேண்டும். இதற்கு மாறாக, பிரிட்டனில் 2010இல் தொடங்கிய ஒரு திட்டம், வசூலித்த பணத்தைச் சிக்கனமான நிறுவனங்களுக்கே திருப்பித் தருவதாகச் சொல்லி ஆரம்பித்து, அதே ஆண்டில் பணத்தைக் கஜானாவிலேயே வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தது. வெறும் வரியாகவும் காகித வேலையாகவும் நலிந்து 2019இல் அது முடிவுற்றது. கொடுத்த பணம் சிக்கனத்துக்குத் திரும்புகிறதென்ற நம்பிக்கை போனால், கட்டணத்துக்கு வியாபாரிகளின் ஆதரவும் போய்விடும்.

பொறுப்பைச் சரியான கையில் வைக்கத் தவறினால் என்ன நேரும் என்பதற்கு இந்நகரமே சாட்சி. கரியமில வாயுவை வெளியேற்ற உரிமை தரும் ஐரோப்பியச் சான்றுகளை வெளிநாட்டிலிருந்து வரியின்றி வாங்கி, ஜெர்மனியில் விற்பனை வரி சேர்த்து விற்று, அந்த வரியை அரசுக்குச் செலுத்தாமல் மறைந்துபோன கும்பல்களின் வழக்கில், 2010 ஏப்ரலில் டாய்ச்ச வங்கியின் அலுவலகம் உட்படப் பல இடங்களில் சோதனை நடந்தது. 2011 டிசம்பரில் பிராங்பேர்ட் நீதிமன்றம் ஆறு பேருக்கு மூன்றாண்டு முதல் ஏறத்தாழ எட்டாண்டு வரை சிறைத் தண்டனை விதித்தது. 2016இல் அவ்வங்கியின் முன்னாள் அலுவலர்களும் தண்டனை பெற்றார்கள். இந்தத் திருட்டை ஜெர்மனிக்குள் அடைத்த பரிகாரம் மிக எளியது: 2010 ஜூலை முதல் சான்றின் விற்பனை வரியைச் செலுத்தும் கடமையை விற்பவரிடமிருந்து வாங்குபவருக்கு மாற்றினார்கள். கட்டடங்களிலும் வேண்டுவது இப்படிப்பட்ட மாற்றமே.

வசூலாகும் பணம் பருவநிலை நிதியத்துக்குப் போகிறது. 2021இல் ஆட்சிக்கு வந்த கூட்டணி வாக்களித்த தலைக்கு இவ்வளவென்ற பருவநிலைப் பணம் மக்கள் கைக்கு வரவேயில்லை. இதை நான் பெருங்குறையாகக் கருதுகிறேன். இருப்பினும் அந்த நிதியத்திலிருந்து சிறு வியாபாரிகளுக்குக் கிடைக்கக்கூடிய உதவிகள் இருக்கின்றன. பிராங்பேர்ட்டை ஒட்டிய எஷ்போர்ன் ஊரிலிருக்கும் மத்திய பொருளாதார அலுவலகம், சிறு நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகரைக் கொண்டு தம் சக்திச் செலவைப் பரிசோதிக்கும் கட்டணத்தில் ஓர் உச்சவரம்புக்குட்பட்டுப் பாதி தருகிறது. பழைய இயந்திரங்களை மாற்றுவதற்கும் தனி மானியங்கள் உள்ளன. குளிர்பெட்டிகள் இரவும் பகலும் ஓடும் மளிகைக் கடைக்கு இத்தகைய பரிசோதனை பெரிதும் பிரயோஜனப்படும். ஆனால் விண்ணப்பத்தை முதலில் கொடுத்துவிட்டே ஆலோசகரோடு ஒப்பந்தம் செய்ய வேண்டும். வேலையை ஒப்புவித்த பிறகு விண்ணப்பித்தவர்களுக்கு அந்த அலுவலகம் மானியம் வழங்குவதில்லை.