இருமலை மறைக்கலாமா?

தாம்பரம் செல்லும் நாம் ‘தாம்பரம் சானடோரியம்’ என்னும் ரயில் நிலையத்தைக் கண்டிருக்கிறோம். அப்பெயர் எப்படி வந்தது தெரியுமா? 1928-ஆம் ஆண்டு டாக்டர் டேவிட் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காக 12 படுக்கைகளுடன் அங்கு ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937-இல் அரசு அதை ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

அந்நாளில் இந்நோய்க்குத் தக்க மருந்து இல்லை. தூய காற்று, சத்துணவு, ஓய்வு ஆகியவையே சிகிச்சை. மருந்துகள் வந்த பின்னரும் நோயாளியை வீட்டிலிருந்து பிரிக்கத்தான் வேண்டுமா? இதை அறியச் சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. ஏழை நோயாளிகளில் ஒரு சாராருக்கு வீட்டிலும், மறு சாராருக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு மருந்து தரப்பட்டது. இரு சாராரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமடைந்தனர். வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் அதிகம் பரவவும் இல்லை. உலகமே இம்முடிவை ஏற்றது.

இரண்டு வாரத்திற்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிதல், சளியில் இரத்தம் ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் நோயைக் கண்டறிய உதவும். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். பெரும்பாலோர்க்கு 6 மாத மருந்தே போதும். ஆனால் இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்தலாகாது. நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமற் போகலாம்.

“பெண்ணுக்குக் காசம் என்று தெரிந்தால் வரன் அமையாதே!” என்று இருமலை மறைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. சிகிச்சை பெறும் நோயைவிட மறைத்த நோயே வீட்டாரை வாட்டும். ஆகவே தோழியரே, நம் வீட்டில் அம்மாவோ பாட்டியோ ஓயாமல் இருமினால், கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.