சிவப்பு விளக்கை அலட்சியம் செய்யலாமா?

சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு குடும்பத்தோடு காரில் புறப்படுகிறீர்கள். நெருங்கிய உறவினர் இல்லத்தில் நிக்காஹ்; பகல் பதினோரு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். பெட்டிகளை ஏற்றியாயிற்று. உம்மாவும் பிள்ளைகளும் பின்னிருக்கையில் அமர்ந்தாயிற்று. பிரயாண துஆவும் ஓதியாயிற்று. வண்டி தெருமுனையைத் தாண்டுகிறது. ஆனால், ஓட்டுகிறவரின் எதிரே மீட்டர் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருக்கிறது. வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி. அதன் இரு மருங்கிலும் வளைகோடுகள்.

"நாலு நாளாகவே எரிகிறது. பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது, போகலாம்" என்கிறார் ஓட்டுகிறவர்.

வாசகர்களே, இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? நேரமாகிவிட்டதே என்று மௌனமாக இருந்துவிடுவீர்களா? அந்த விளக்கு என்ன சொல்கிறது என்பதைக் கார் ஓட்டத் தெரியாதவர்களும் அறிந்திருப்பது அவசியம்.

முதலில் பார்க்க வேண்டியது

சாவியைத் திருப்பியதும் இவ்விளக்கு ஓரிரு விநாடிகள் எரிந்து அணைவது இயல்பே. விளக்கு பழுதின்றி இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அப்போது எரியாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். பழுது வந்தாலும் அது நமக்குச் சொல்லாது.

எரிந்தது அணையவில்லையென்றால், முதலில் கைப்பிரேக்கைப் பாருங்கள். பல கார்களில் கைப்பிரேக் போட்டிருந்தாலும் இதே விளக்குதான் எரியும். நெம்புகோல் முற்றிலும் இறங்காமல் சிறிதளவு தூக்கி நின்றாலும் போதும். அதை முழுவதும் இறக்கியதும் விளக்கு அணைந்துவிட்டால் பயமில்லை. கைப்பிரேக் போட்டபடியே வெகுதூரம் ஓட்டியிருந்தால் மட்டும் பின்சக்கரப் பிரேக்குகள் சூடேறித் தேய்ந்திருக்கக்கூடும், மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

ஆயில் ஏன் குறைந்தது?

கைப்பிரேக் இறங்கியிருந்தும் விளக்கு எரிகிறதா? சமதளத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பெரும்பாலும் அது வெளியிலிருந்தே அளவு தெரியும் வெண்ணிறப் பிளாஸ்டிக் டப்பாவாக இருக்கும். அதில் மேல்கோடு, கீழ்க்கோடு என இரண்டு அடையாளங்கள் உண்டு. கீழ்க்கோட்டை நெருங்கி ஆயில் இறங்கியதும், உள்ளே மிதக்கும் சிறு மிதவை விளக்கை எரியச் செய்கிறது. வளைவுகளிலும் மேடு பள்ளங்களிலும் மட்டும் விளக்கு மின்னி மறைந்தால், ஆயில் அந்த எல்லையில் தளும்புகிறது என்று பொருள்.

நம்மில் பலர் தவறு செய்வது இங்கேதான். கடையில் ஒரு புட்டி வாங்கி ஊற்றியதும் விளக்கு அணைந்துவிடுகிறது. காரியம் முடிந்தது என்று புறப்பட்டுவிடுகிறோம். பிரேக் ஆயில், பெட்ரோலைப் போல எரிந்து தீர்ந்துபோகும் பொருளன்று. மூடிய குழாய்களுக்குள் அடைபட்டு, உங்கள் காலின் அழுத்தத்தை நான்கு சக்கரங்களுக்கும் கொண்டு சேர்ப்பதே அதன் பணி. அது குறைந்திருந்தால், குறைந்ததற்கு ஒரு காரணம் இருந்தே தீரும்.

பொதுவாகக் காரணங்கள் இரண்டு. ஒன்று, பிரேக் பேட்கள் தேய்ந்திருக்கலாம். பேட் தேயத் தேய, அதை அழுத்தும் பிஸ்டன் முன்னால் நகர்கிறது; அந்த இடத்தை நிரப்ப டப்பாவிலுள்ள ஆயில் சிறுகச் சிறுக இறங்குகிறது. புதிதில் சுமார் 10 மில்லிமீட்டர் கனமுள்ள பேட், 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. மற்றொன்று, எங்கேனும் ஆயில் ஒழுகலாம். சக்கரங்களின் உட்புறத்திலோ, வண்டி நின்ற தரையிலோ, பெடலுக்கு மேலேயோ ஈரக்கசிவு தெரிகிறதா என்று பாருங்கள். சில நாட்களுக்குள் அளவு திடீரென இறங்கியிருந்தால் ஒழுக்கு என்றே கருத வேண்டும். அந்நிலையில் வண்டியை ஓட்டாமல், மெக்கானிக்கை இருக்குமிடத்துக்கே அழைப்பதுதான் அறிவுடைமை.

காரணத்தைக் காணாமல் ஆயிலை மட்டும் ஊற்றுவது, உண்மை பேசும் சாட்சியின் வாயை மூடுவதற்குச் சமமாகும்.

ஊற்றவே நேர்ந்தாலும் டப்பாவின் மூடியில் எழுதியுள்ள வகையையே ஊற்றுங்கள். டாட் 3, டாட் 4 என்று அதில் குறித்திருக்கும். "ஆயில்" என்ற பெயரைக் கண்டு என்ஜின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் உப்பிப்போய்ப் பிரேக்கே செயலிழந்துவிடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. ஈரமேறிய ஆயில், மலைப்பாதை இறக்கத்தின் சூட்டில் கொதித்து ஆவியாகும். பெடலை மிதித்தாலும் பிடிப்பு இராது. ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறை முழுவதுமாக மாற்றிவிடுவது நலம்.

பெடல் சொல்லும் செய்தி

ஆயில் அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், மிதவையிலோ கைப்பிரேக் சுவிட்சிலோ ஒயரிலோ கோளாறு இருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று நாமே முடிவு கட்டலாகாது. நின்ற வண்டியில் பெடலை அழுத்தி அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் ஒழுக்கோ மாஸ்டர் சிலிண்டர் பழுதோ இருக்கிறது. பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். இரண்டில் எது தோன்றினாலும் வண்டியை எடுக்க வேண்டாம்.

மஞ்சள் நிறத்தில் ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் எரிந்தால், சாதாரணப் பிரேக் வேலை செய்யும். திடீரென அழுத்தும்போது சக்கரங்கள் இறுகிப்போகாமல் காக்கும் அமைப்பு மட்டும் ஓய்ந்திருக்கும். நிதானமாக ஓட்டி ஒர்க்‌ஷாப் போய்ச் சேரலாம். மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து எரிந்தாலோ, உடனே ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள்.

ஓடும்போது பிரேக் பிடிக்காவிட்டால்?

பதற வேண்டாம். பெடலை விரைந்து பலமுறை மிதியுங்கள். சில வேளைகளில் அழுத்தம் திரும்பும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கைப்பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல், நெம்புகோலின் பொத்தானை அழுத்தியபடி சிறிது சிறிதாகத் தூக்குங்கள். நான்கு பக்க விளக்குகளையும் மின்னவிட்டு, ஹாரன் அடித்து மற்றவர்களை எச்சரியுங்கள். வண்டி நிற்கும் வரை சாவியை மட்டும் திருப்பிவிடாதீர்கள். ஸ்டீயரிங் கனத்துப்போகும், சில வண்டிகளில் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

தவக்குல் என்பது எது?

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டப்படி நடக்கும்" என்று சொல்லி விளக்கைப் பாராமல் இருப்பது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவனை நம்பலாமா என்று வினவிய தோழரிடம், முதலில் அதைக் கட்டிவிட்டுப் பிறகு நம்பிக்கை வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் காணப்படுகிறது. இன்று நம் ஒட்டகம் இந்த வாகனம்தான். துஆ ஓதுவது எப்படி நம் கடமையோ, அப்படியே பானட்டைத் திறந்து பார்ப்பதும் நம் கடமை.

ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்குப் பின்னிருக்கையிலுள்ள உயிர்கள் அனைத்தும் அமானிதம். தெருவில் நடந்து செல்லும் முன்பின் அறியாதவரின் உயிரும் அமானிதமே. பின்னிருக்கையில் இருப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. வாடகைக் காரானாலும் சொந்தக் காரானாலும், "அந்தச் சிவப்பு விளக்கு ஏன் எரிகிறது தம்பி?" என்று கேட்க உம்மாவுக்கும் உரிமை உண்டு, பத்து வயதுப் பேரனுக்கும் உரிமை உண்டு. கேட்டவரை, "உங்களுக்கென்ன தெரியும்?" என்று அடக்கிவிடாதீர்கள். நிக்காஹ் சபைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகச் சென்றால் வருத்தம் தெரிவித்துக்கொள்ளலாம். போய்ச் சேராமலே போய்விட்டால் யாரிடம் போய் என்ன சொல்வது?

வல்ல நாயன் நம் பிரயாணங்கள் யாவற்றையும் சுகமானவையாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.